தாயம் விழும்வரை

ஹால் ஃபின்னி தன் கணினியில் பிட்காயின் மைனிங்கை நிறுத்தியதற்குப் பின்னாளில் சொன்ன காரணம் மிகச் சாதாரணமானது: கணினி சூடாகிறது, ஃபேன் சத்தம் தொந்தரவாக இருக்கிறது. 2009 ஜனவரியில் பிட்காயின் மென்பொருளை இறக்கி ஓட்டிப் பார்த்தவர்களில் அவர் மிக முந்தியவர். குறியாக்கத் துறையில் ஏற்கெனவே பெயர் பெற்றவர். பிஜிபி என்ற குறியாக்க மென்பொருளில் வேலை செய்தவர். ஜனவரி 12ஆம் தேதி, 170ஆவது பிளாக்கில் (பரிவர்த்தனைகளின் தொகுப்பு ஒன்றுக்குப் பிளாக் என்று பெயர்), சத்தோஷி நகமோட்டோ என்ற பெயரில் இயங்கியவர் அவருக்கு 10 பிட்காயின் அனுப்பினார். ஒருவர் இன்னொருவருக்கு அனுப்பிய முதல் பிட்காயின் அதுதான். அது போக, பிளாக் ஒன்றுக்கு 50 பிட்காயின் வீதம் ஃபின்னியின் கணினி தானாகவே சில பிளாக்குகளைக் கண்டுபிடித்திருந்தது. சில நாள் ஓடவிட்டார், அணைத்துவிட்டார்.

அந்த வீட்டில் இன்னும் மூன்று கணினிகள் இருந்திருந்தால் அவர் என்ன செய்திருக்க வேண்டும்?

கணினிகளை லேன் கேபிளால் இணைத்து, ஒரு பெரிய கணக்கை நாலு கூறாகப் பிரித்துக் கொடுத்தால் நாலில் ஒரு பங்கு நேரத்தில் முடிந்துவிடும் என்றுதான் யாருக்கும் தோன்றும். அனிமேஷன் படங்களுக்குக் காட்சிகளைத் தயாரிப்பவர்கள் அப்படித்தான் செய்கிறார்கள். வானிலைக் கணிப்பும் அப்படித்தான் நடக்கிறது. மைனிங்கில் பிரித்துக் கொடுப்பதற்கு அப்படி ஒரு கணக்கே கிடையாது.

பிட்காயினில் சராசரியாகப் பத்து நிமிடத்துக்கு ஒரு பிளாக் சங்கிலியில் சேர வேண்டும் என்பது ஏற்பாடு. ஒவ்வொரு பிளாக்குக்கும் 80 பைட் அளவில் ஒரு முகப்பு. அதில் ஆறே தகவல்கள்தான்: பதிப்பு எண், முந்தைய பிளாக்கின் ஹாஷ், இந்தப் பிளாக்கிலுள்ள பரிவர்த்தனைகளையெல்லாம் ஒன்றாகப் பிழிந்தெடுத்த மெர்க்கிள் வேர், நேரம், கடினநிலை, கடைசியில் நான்ஸ் என்கிற 4 பைட் எண். இந்த 80 பைட்டை எஸ்எச்ஏ-256 என்ற சூத்திரத்துக்குள் இரண்டு தடவை செலுத்தினால் 256 பிட் நீளத்தில் ஹாஷ் என்கிற ஓர் எண் வெளியே வரும். அது கடினநிலை குறிக்கும் வரம்புக்குக் கீழே இருந்தால் பிளாக் செல்லும். இல்லையென்றால் நான்ஸை மாற்றி மறுபடி முயற்சி.

உலகின் முதல் பிட்காயின் பிளாக்கை எடுத்துப் பார்க்கலாம். 2009 ஜனவரி 3ஆம் தேதி போட்டது. அதன் நான்ஸ் 208 கோடியே 32 லட்சத்து 36 ஆயிரத்து 893. ஹாஷைப் பதினாறடிமான எண்ணாக எழுதினால் முதல் 10 இலக்கங்களும் பூஜ்யம். எட்டு பூஜ்யம் இருந்தாலே அன்று போதும்; கூட இரண்டு விழுந்தது அதிகப்படி. இந்த நான்ஸை முன்கூட்டியே கணித்துச் சொல்ல வழி எதுவுமில்லை. உள்ளே போகிற எண்ணில் ஒரே ஒரு பிட்டை மாற்றினாலும் வெளியே வருவது ஒட்டு உறவு இல்லாத வேறொரு எண். போன தடவை வரம்புக்குப் பக்கத்தில் வந்துவிட்டோமே என்பதால் அடுத்த தடவைக்கு எந்த அனுகூலமும் இல்லை.

தாயக்கட்டை உருட்டியவர்களுக்கு இது பழகிய அனுபவம். தாயம் விழுந்தால்தான் காய் இறங்கும். இருபது தடவை உருட்டியும் விழவில்லையே என்று இருபத்தோராவது தடவை கட்டை இரக்கப்படாது. ஒரே கட்சிக்காக நாலு பேர் உட்கார்ந்து நாலு ஜோடிக் கட்டைகளை உருட்டினால் தாயம் சீக்கிரம் விழும், சந்தேகமில்லை. ஆனால் அந்த நாலு பேரும் ஆளுக்குக் கால் தாயமாகச் சேர்த்து ஒரு முழுத் தாயத்தைச் செய்வதில்லை. யாரோ ஒருவர் கையில் முழுதாக விழுகிறது. மற்ற மூவரின் உருட்டல்கள் அவருக்கு எந்த விதத்திலும் உதவவில்லை.

ஓர் இடத்தில் மட்டும் கட்டைக்கும் கணினிக்கும் வித்தியாசம் உண்டு, வீட்டில் பல கணினிகளை வைத்திருப்பவரைப் பாதிப்பது அதுதான். இரண்டு பேர் உருட்டும் கட்டைகள் வெவ்வேறாக விழும். இரண்டு கணினிகளோ, ஒரே முகப்பைக் கொடுத்து நான்ஸைப் பூஜ்யத்திலிருந்து எண்ணச் சொன்னால், ஒரே வரிசையில் ஒரே விடைகளைத்தான் காணும். இரண்டாவது கணினி செய்வது முழுக்க முழுக்க வெட்டி வேலை. ஆகவே வீட்டு மைனிங்கில் தொழில்நுட்பம் சார்ந்து தீர்க்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: எந்த இரண்டு கணினிகளும் ஒரே முகப்பைத் தொடாமல் இருக்க என்ன வழி?

சத்தோஷியின் ஆரம்ப மென்பொருளில் இந்தக் கேள்விக்கு யாரும் மெனக்கெடாமலே விடை இருந்தது. ஒவ்வொரு பிளாக்கின் முதல் பரிவர்த்தனையும், அந்தப் பிளாக்கைக் கண்டுபிடித்தவர் பரிசுத் தொகையைத் தன் பெயரில் எழுதிக்கொள்வதற்கானது. அதற்குக் காயின்பேஸ் என்று பெயர். ஒவ்வொரு கணினியிலும் தனித்தனி வாலட், அதற்குள் தனித்தனி சாவிகள். சாவி வேறு என்றால் காயின்பேஸ் வேறு. காயின்பேஸ் வேறு என்றால் மெர்க்கிள் வேர் வேறு. வேர் மாறினால் முகப்பே மாறிவிடுகிறது. நாலு கணினிகளிலும் மென்பொருளை நிறுவி ஓடவிட்டால் போதும், தாமாகவே வெவ்வேறு கட்டைகளை உருட்டும். அவற்றுக்கிடையே கேபிளே தேவையில்லை. ஃபின்னி செய்ய வேண்டியிருந்தது அவ்வளவுதான்.

பலன் எவ்வளவு இருந்திருக்கும்? கடினநிலை அப்போது 1. அதன் பொருள், ஒரு பிளாக் கிடைக்கச் சராசரியாக 429 கோடி முயற்சிகள். ஒரு கணினி நொடிக்கு 20 லட்சம் ஹாஷ் போடுகிறது என்று வைத்துக்கொண்டால் ஏறக்குறைய 36 நிமிடத்துக்கு ஒரு பிளாக். நாலு கணினிகள் என்றால் 9 நிமிடம். அந்த வருஷம் மைனிங் செய்தவர்கள் எவ்வளவு குறைவு என்பதைச் சங்கிலியே பதிவு செய்து வைத்திருக்கிறது. பத்து நிமிடத்துக்கு ஒன்று என்ற கணக்கில் 2009இல் 52 ஆயிரம் பிளாக்குகள் வந்திருக்க வேண்டும். வந்தவை 32 ஆயிரத்துச் சொச்சம். 2,016 பிளாக்குகளுக்கு ஒருமுறை கடினநிலையைத் திருத்தியமைக்கும் ஏற்பாடு இருந்தும், அது 1ஐ விட்டு முதன்முதலாக நகர்ந்தது டிசம்பர் 30ஆம் தேதிதான்.

இந்தச் சுலபத்தில் ஒரு வில்லங்கமும் இருந்தது. நாலு கணினி என்றால் நாலு வாலட், பணம் நாலு டிஸ்க்கில் சிதறிக் கிடக்கும். வேல்ஸ் நாட்டின் நியூபோர்ட்டைச் சேர்ந்த ஜேம்ஸ் ஹவல்ஸ் 2009இல் தன் மடிக்கணினியில் ஈட்டிய ஏழெட்டாயிரம் பிட்காயினின் சாவி ஒரே ஒரு ஹார்ட் டிஸ்க்கில் இருந்தது. 2013இல் அது குப்பைக்குப் போய்விட்டது. ஊர்க் குப்பைக் கிடங்கைத் தோண்ட அனுமதி கேட்டு வருஷக்கணக்காக அலைந்தார். 2025 ஜனவரியில் நீதிமன்றமும் அவர் வழக்கைத் தள்ளுபடி செய்துவிட்டது.

2010இல் நிலைமை மாறியது. கேம் ஆடுவதற்காக வாங்கிய கிராபிக்ஸ் கார்டு இந்த வேலையைச் சாதாரணப் பிராசஸரைவிடப் பல மடங்கு வேகமாகச் செய்யும் என்பது தெரியவந்தது. இரண்டு பீட்சாவுக்கு 10,000 பிட்காயின் கொடுத்ததற்காகவே நினைவுகூரப்படும் லாஸ்லோ ஹன்யேச்தான் கிராபிக்ஸ் கார்டில் மைனிங் நிரலை முதலில் எழுதியவர்களில் ஒருவர். அவ்வளவு பிட்காயின் அவரிடம் எப்படிச் சேர்ந்தது என்பதற்கு விளக்கம் அதில் இருக்கிறது. பீட்சா கதையைச் சொல்கிற பலரும் இதை விட்டுவிடுகிறார்கள்.

கார்டுகள் வந்ததும் வீட்டு அமைப்பும் மாறியது. எல்லாக் கணினியிலும் முழுச் சங்கிலியையும் இறக்கி வைத்துக்கொண்டிருப்பானேன்? ஒரே ஒரு கணினி வெளியுலகத்தோடு பேசட்டும். பிளாக்குகளைச் சரிபார்ப்பது, பரிவர்த்தனைகளைத் திரட்டுவது, வாலட்டை வைத்திருப்பது எல்லாம் அதன் பொறுப்பு. இதை நோடு என்பார்கள். மற்ற கணினிகள் வெறும் உழைப்பாளிகள். ஒவ்வொன்றும் நோடிடம் போய் வேலை கேட்கும், நோடு ஒரு முகப்பைக் கொடுக்கும், உழைப்பாளி நான்ஸ்களைப் போட்டுப் பார்த்து, விடை கிடைத்தால் திருப்பித் தரும். இப்படி வேலை கேட்கும் கட்டளைக்குக் கெட்வொர்க் என்றே பெயர். நோடு செய்கிற தந்திரம், காயின்பேஸுக்குள் கூடுதல் நான்ஸ் என்று ஓர் எண்ணை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு தடவை வேலை கொடுக்கும்போதும் அதில் ஒன்று கூட்டுவது. கூட்டியதும் மெர்க்கிள் வேர் மாறும். ஆக, ஒரே வாலட்டுக்காக உழைத்தாலும் எந்த இரண்டு கணினிகள் கையிலும் ஒரே முகப்பு இருக்காது. பரிசு முழுவதும் ஒரே இடத்தில் வந்து சேரும்.

அதற்காக நோடில் செய்ய வேண்டியிருந்த மாற்றம் சின்னது. சாதாரணமாக அது 127.0.0.1 என்ற முகவரியில், அதாவது தன்னோடு தானே பேசிக்கொள்ளும் விதமாக மட்டுமே கட்டளைகளைக் கேட்கும். 192.168.1 என்று தொடங்கும் வீட்டு முகவரிகளிலிருந்தும் கேட்கலாம் என்று அமைவுக் கோப்பில் ஒரு வரி சேர்த்து, பயனர் பெயரும் கடவுச்சொல்லும் வைத்தால் 8332ஆம் போர்ட் வழியாக மற்ற கணினிகள் வேலை கேட்க ஆரம்பிக்கும். அந்தப் போர்ட்டை ரவுட்டரில் வெளியுலகத்துக்குத் திறந்துவிடக் கூடாது. திறந்த போர்ட்டுகளைத் தேடி இணையம் முழுக்கத் தட்டிப் பார்க்கிற நிரல்கள் ராப்பகலாக ஓடிக்கொண்டிருக்கின்றன. இங்கே கதவுக்குப் பின்னால் இருப்பது வாலட்.

இதற்கெல்லாம் வேகமான நெட்வொர்க் வேண்டுமோ என்று கவலைப்படத் தேவையில்லை. பரிமாறப்படுவது சில நூறு பைட். பழைய வைஃபை ரவுட்டருக்கே இது ஒரு பொருட்டல்ல. தாமதம் உறுத்தக்கூடிய இடம் வேறு. உலகின் எங்கோ ஒருவர் புதிய பிளாக்கைக் கண்டுபிடித்த நொடியில், அதற்கு முந்தைய பிளாக்கின் மேல் நீங்கள் போட்டுக்கொண்டிருக்கும் முயற்சிகள் செல்லாதவை ஆகிவிடும். இதுவரை உழைத்தது வீணாயிற்றே என்று வருந்த அதில் எதுவுமில்லை, ஏனென்றால் இந்த வேலையில் சேமிப்பு என்று ஒன்று சேர்வதே இல்லை. செய்தி தெரியாமல் பழைய பிளாக்கின்மேலேயே உருட்டிக்கொண்டிருந்தால், அந்த நேரம் மட்டும்தான் நஷ்டம். உழைப்பாளி ஐந்து நொடிக்கு ஒருமுறை நோடைக் கேட்டால், ஒரு பிளாக்குக்குச் சராசரியாக இரண்டரை நொடி போகும். 600 நொடியில் அது அரை சதவீதம்கூட இல்லை. வீட்டுக்கு வெளியேதான் தாமதம் அதிகம். ஜூரிச்சில் ஆய்வாளர்கள் கிறிஸ்டியான் டெக்கரும் ரோஜர் வாட்டன்ஹோஃபரும் 2013இல் அளந்து பார்த்தபோது, ஒரு பிளாக் மற்ற நோடுகளைச் சென்றடையச் சராசரியாக 12.6 நொடி பிடித்தது. தனியாக மைனிங் செய்பவருக்கு இது இரட்டைத் தலைவலி: மற்றவர் கண்டுபிடித்ததும் தாமதமாகத் தெரியும், தான் கண்டுபிடித்ததும் தாமதமாகவே ஊருக்குத் தெரியும்.

கெட்வொர்க் முறை நீடிக்காததற்கு எளிய கணக்கு ஒன்று காரணம். நான்ஸுக்கு ஒதுக்கிய இடம் 4 பைட். அதில் 429 கோடி எண்கள்தான் அடங்கும். நொடிக்கு 40 கோடி ஹாஷ் போடும் கிராபிக்ஸ் கார்டு 11 நொடியில் அத்தனையையும் தீர்த்துவிட்டு அடுத்த முகப்புக்குக் கையை நீட்டும். சமாளிக்கலாம். பின்னால் வந்த ஏசிக் இயந்திரங்கள், இந்த ஒரே சூத்திரத்தைத் தவிர வேறெதுவும் தெரியாத சில்லுகளால் ஆனவை. நொடிக்கு 13.5 லட்சம் கோடி ஹாஷ் போட்ட 2016ஆம் ஆண்டு ஆன்ட்மைனர் எஸ்9 அதே 429 கோடியை மூன்றில் ஒரு மில்லிநொடியில் முடித்துவிடும். நொடிக்கு மூவாயிரம் தடவை வேலை கேட்டால் எந்த நோடு தாங்கும்? 2012இல் வந்த ஸ்ட்ரேட்டம் முறையில் நோடு முகப்பைத் தருவதில்லை; முகப்பு செய்யும் பொருட்களைத் தந்து, கூடுதல் நான்ஸில் இன்ன பகுதி உன்னுடையது என்று ஒதுக்கிவிடுகிறது. மீதியை உழைப்பாளியே தயாரித்துக்கொள்ளும். சத்தோஷியின் மென்பொருளுக்கு இன்றைய வாரிசான பிட்காயின் கோரின் 0.10 பதிப்பில், 2015இல், கெட்வொர்க்கை நீக்கினார்கள். அடுத்த வருஷம், அதற்குள்ளேயே இருந்த மைனிங் வசதியையும் எடுத்துவிட்டார்கள். ஃபின்னி பயன்படுத்திய அந்த வசதி இன்று அந்த மென்பொருளில் இல்லை.

நடுவில் ஒரு நோடு, சுற்றிலும் உழைப்பாளிகள் என்ற இந்த வீட்டு அமைப்பை நான்கு சுவர்களுக்கு வெளியே நீட்டினால் கிடைப்பதுதான் பூல். 2010 இறுதியில் செக் நாட்டின் மாரெக் பலட்டினஸ் தொடங்கிய முதல் பூல், வீடுகளில் ஓடிய அதே கெட்வொர்க் கட்டளையைத்தான் பயன்படுத்தியது. புதிதாக அவர் சேர்த்தது கணக்கு வைக்கும் முறை. வீட்டில் நாலு கணினியும் உங்களுடையவை. எது எவ்வளவு உழைத்தது என்று யாரும் கேட்கப் போவதில்லை. முகம் தெரியாதவர்கள் சேரும்போது, நான் உழைத்தேன் என்பதற்கு அத்தாட்சி வேண்டும். அதற்கு, உண்மையான வரம்பைவிட மிகத் தளர்வான வரம்பு ஒன்றை வைத்து, அதற்குக் கீழே விழுகிற ஹாஷ்களையும் அனுப்பச் சொன்னார்கள். இவை ஷேர். பிளாக்காகச் செல்லாது, ஆனால் இவ்வளவு தடவை உருட்டியிருக்கிறான் என்று காட்டும்.

உண்மையான தாயம் விழுந்தால் அதைப் பூலுக்குச் சொல்லாமல் தானே எடுத்துக்கொண்டு போய்விட முடியாதா? முடியாது. பரிசு யாருக்கு என்பது காயின்பேஸில் இருக்கிறது, காயின்பேஸ் மெர்க்கிள் வேரில் இருக்கிறது, வேர் முகப்பில் இருக்கிறது. பெயரை மாற்றினால் ஹாஷ் மாறிவிடும், தாயமும் போய்விடும். இந்த வடிவமைப்பில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். காவலாளி இல்லை, ஒப்பந்தம் இல்லை, திருட்டு மட்டும் சாத்தியமில்லை.

பூலில் சேர்வதால் சராசரி வருமானம் கூடாது. நிர்வாகக் கட்டணம் போக, கொஞ்சம் குறையவே செய்யும். மாறுவது சராசரியைச் சுற்றியுள்ள ஏற்ற இறக்கம். தனி மைனிங்கில் ஒரு பிளாக்குக்குச் சராசரிக் காத்திருப்பு ஒரு வருஷம் என்றால், ஒரு வருஷம் முடிந்தும் வெறுங்கையோடு இருக்க 37 சதவீத வாய்ப்பு உண்டு. இரண்டு வருஷம் ஓட்டியும் கிடைக்காமல் இருக்க 13.5 சதவீதம், மூன்று வருஷத்துக்கு 5 சதவீதம். பத்து மாதம் ஓட்டியாயிற்று, இன்னும் இரண்டு மாதம்தானே என்று கணக்குப் போடுகிறவர் ஏமாறுவார். பத்து மாதம் முடிந்த அன்றைக்கும் அவருக்கு மிச்சம் இருப்பது முழுசாக ஒரு வருஷம். நினைவே இல்லாத இயந்திரத்தோடு ஆடுகிற ஆட்டம் இது. மனித மனத்துக்கு இதை ஏற்றுக்கொள்வது எவ்வளவு கஷ்டம் என்பதற்குச் சூதாட்ட விடுதிகளின் லாபக் கணக்கே சாட்சி.

இப்போது அண்மைக்கால எண்களுக்கு வரலாம். பிட்காயினின் கடினநிலை 2024 நவம்பரில் 100 லட்சம் கோடியைத் தாண்டியது. அந்தக் கடினநிலையில், நொடிக்கு இரண்டு கோடி ஹாஷ் போடும் நாலு கணினிகளை வீட்டில் ஓடவிட்டால், ஒரு பிளாக்குக்குச் சராசரிக் காத்திருப்பு 17 கோடி வருஷம். பின்னோக்கிப் போனால் ஜுராசிக் யுகத்தில் நிற்போம். கணினிகளை விடுங்கள். நொடிக்கு 200 லட்சம் கோடி ஹாஷ் போடும், 3,500 வாட் குடிக்கும், ஜெட் விமானம்போல் இரையும் ஏசிக் இயந்திரம் ஒன்றை வாங்கி மாடியில் வைத்தாலும் 68 வருஷம். பிட்காயினில் வீட்டுக் கணினிகளின் காலம் என்றோ முடிந்துவிட்டது. யாராவது செய்து தருகிறேன் என்றால் அவர் விற்க வருவது வேறு எதையோ.

மொனேரோ என்ற இன்னொரு கிரிப்டோ நாணயம் கொஞ்சம் வித்தியாசமான ஆள். அதை நடத்துகிறவர்கள் ஏசிக் இயந்திரங்களை விரட்டுவதற்கென்றே 2019 நவம்பரில் ரேண்டம்எக்ஸ் என்ற முறைக்கு மாறினார்கள். இது ஒரே சூத்திரத்தைத் திரும்பத் திரும்பப் போடுவதில்லை. ஒவ்வொரு முயற்சிக்கும் தற்செயலாகச் சில குட்டி நிரல்களை உருவாக்கி, அவற்றை ஓட்டிப் பார்க்கிறது. ஓட்டுவதற்கு 2 ஜிபி அளவு தரவை மெமரியில் விரித்து வைத்திருக்க வேண்டும். ஒவ்வொரு திரெடுக்கும் பிராசஸருக்குள்ளேயே 2 எம்பி கேஷ் வேண்டும். எதையும் ஓட்டத் தெரிந்த, பக்கத்திலேயே நிறைய கேஷ் உள்ள ஒரு சில்லைச் செய்யுங்கள் என்று ஒரு பொறியாளரிடம் சொன்னால் அவர் கடைசியில் செய்து கொண்டுவருவது சாதாரணக் கணினிப் பிராசஸரைத்தான். கருத்து அதுதான்.

வீட்டு அமைப்பு 2010இன் அச்சேதான். இருப்பதில் டிஸ்க் பெரிதாக உள்ள கணினியில் மொனேரோ நோடு; மற்றவற்றில் எக்ஸ்எம்ரிக் என்ற மைனிங் நிரல், நோடின் வீட்டு முகவரியையும் 18081 என்ற போர்ட்டையும் பார்த்தபடி. நோடு சாதாரணமாக வெளியாரிடம் பேசாது. வேறு முகவரியிலிருந்தும் கேட்கட்டும் என்று ஆணையிட்டால், உறுதியாகத்தான் சொல்கிறாயா என்பதற்கு இன்னொரு தனிக் கட்டளையையும் சேர்த்து எழுதினால்தான் கிளம்பும். ஒரே வேலையை இரண்டு கணினிகள் செய்துவிடாமலிருக்க இங்கேயும் கூடுதல் நான்ஸ்தான்.

நாலு கணினிகளும் சேர்ந்து நொடிக்கு 20,000 ஹாஷ் போடுகின்றன, உலகம் முழுவதும் சேர்ந்து 500 கோடி போடுகிறது என்று வைத்துக்கொள்வோம். உங்கள் பங்கு இரண்டரை லட்சத்தில் ஒன்று. மொனேரோவில் இரண்டு நிமிடத்துக்கு ஒரு பிளாக், நாளைக்கு 720. ஆக, சராசரியாக 347 நாளைக்கு ஒரு பிளாக், பரிசு 0.6 மொனேரோ, கூடவே கொஞ்சம் கட்டணம். ஜுராசிக் யுகத்தோடு ஒப்பிட்டால் கைக்கெட்டும் தூரம்தான்.

ஆனால் கரண்ட் பில் மாதா மாதம் வரும், அது தாயம் விழும்வரை காத்திருக்காது. கணினி ஒன்றுக்கு 100 வாட் வைத்தால்கூட நாலுக்கும் சேர்த்து ஒரு நாளைக்கு 9.6 யூனிட், 347 நாளைக்கு 3,300 யூனிட்டுக்கு மேல். யூனிட் 8 ரூபாய் என்றால் 26,000 ரூபாயைத் தாண்டும். அத்துடன் இயற்பியல் ஒரு பில் போடுகிறது. கணினி குடிக்கும் மின்சாரம் முழுவதும் கடைசியில் வெப்பமாகத்தான் அறைக்குள் இறங்கும். ஹாஷ் என்பது அந்த 400 வாட்டிலிருந்து எதையும் எடுத்துக்கொண்டு வெளியேறுவதில்லை. குளிர்நாட்டில் டிசம்பர் மாதம் ஹீட்டருக்குப் பதிலாக நாலு கணினியை ஓட்டுகிறவர் எதையும் இழக்கவில்லை. சென்னையில் மே மாதம் ஓட்டினால், அந்த வெப்பத்தை வெளியே தள்ள ஏர்கண்டிஷனருக்கு இன்னும் நூறு, நூற்றைம்பது வாட் தண்டம். இந்திய வரிச் சட்டம் 2022 ஏப்ரல் முதல் கிரிப்டோ லாபத்துக்கு 30 சதவீதம் கேட்கிறது. மைனிங்குக்கு ஆன கருவிச் செலவை அதில் கழித்துக்கொள்ளவும் விடுவதில்லை என்று அரசு மக்களவையில் தெளிவுபடுத்தியிருக்கிறது.

மைனிங் எப்படி வேலை செய்கிறது என்பதைக் கையால் தொட்டுப் பார்க்க வேண்டும் என்பவர்களுக்கு நான் சொல்வது ரெக்டெஸ்ட். பிட்காயின் கோருக்குள்ளேயே இருக்கும் ஒத்திகை மேடை அது. வெளியுலகத்தோடு தொடர்பில்லாத சொந்தச் சங்கிலி. கடினநிலை ஏறக்குறைய இல்லை, இரண்டு முயற்சிக்கு ஒன்று தாயம். இரண்டு மடிக்கணினிகளில் இரண்டு நோடுகளை ஓட்டி, கேபிளைப் பிடுங்கி, இருபுறமும் தனித்தனியாகப் பிளாக் போட்டு, மறுபடி இணைத்தால், குட்டையான சங்கிலி கைவிடப்படுவதைக் கண்ணெதிரே பார்க்கலாம். காசு வராது. ஆனால் மேலே சொன்ன 37 சதவீதக்காரர்களுக்கும் அது வருவதில்லை, அவர்களுக்குக் கரண்ட் பில் வேறு.

இவ்வளவுக்குப் பிறகும் தனியாக உருட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். ஆஸ்திரேலியாவின் கான் கோலிவாஸ் தொழிலால் மயக்க மருந்து மருத்துவர். லினக்ஸ் கெர்னலிலும் வேலை செய்தவர். ஒரு காலத்தில் மைனிங் உலகமே பயன்படுத்திய சிஜிமைனர் நிரலை எழுதியவர். அவர் நடத்தும் சோலோ சிகேபூல், பெயரில்தான் பூல். கணக்கு வைப்பதில்லை, பங்கு பிரிப்பதில்லை. சொந்தமாக நோடு வைத்துப் பராமரிக்க முடியாதவர்களுக்கு நோடாக மட்டும் இருக்கிறது. பிளாக் விழுந்தால் 2 சதவீதம் எடுத்துக்கொண்டு மீதி முழுவதையும் கண்டுபிடித்தவருக்கே விட்டுவிடுகிறது. 2022 ஜனவரி 11ஆம் தேதி இதன் வழியாக 120 லட்சம் கோடியைச் சற்றுத் தாண்டிய ஹாஷ் திறனோடு உருட்டிக்கொண்டிருந்த ஒருவருக்குப் பிளாக் விழுந்தது. அன்றைய கடினநிலையில் அந்தத் திறனுக்குச் சராசரிக் காத்திருப்பு கால் நூற்றாண்டுக்கு மேல். பரிசு 6.25 பிட்காயின்.

செய்தி உலகம் முழுக்கப் போனது. ஆச்சரியப்பட வேண்டியது குறைவுதான். ஆளுக்கு 25 வருஷக் காத்திருப்பு உள்ளவர்கள் 25 பேர் இருந்தால், வருஷத்துக்குச் சராசரியாக அவர்களில் ஒருவருக்கு விழத்தான் செய்யும். அது நீங்களாக இருக்கும் வாய்ப்பு அதனால் கூடவில்லை. உள்ளங்கை அளவில், 15 வாட்டில், நொடிக்கு ஒரு லட்சம் கோடி ஹாஷ் போடும் பிட்டாக்ஸ் போன்ற குட்டி இயந்திரங்களை மேஜையில் வைத்திருப்பவர்கள் இப்போது ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். ஒவ்வொன்றுக்கும் சராசரிக் காத்திருப்பு 13 ஆயிரம் வருஷத்துக்கு மேல். லாட்டரி மைனிங் என்று அவர்களே கேலியாகச் சொல்லிக்கொள்கிறார்கள். கேலியாகச் சொல்லிக்கொள்ளும்வரை ஆபத்தில்லை.

விழுந்த பிறகும் உடனே செலவழித்துவிட முடியாது. சங்கிலி எப்போதாவது கிளை பிரிந்தால் அண்மையில் சேர்ந்த பிளாக்குகள் கைவிடப்படலாம் என்பதால், அதன் மேல் இன்னும் 100 பிளாக்குகள் ஏறும்வரை பிட்காயின் பரிசுத் தொகையை முடக்கி வைக்கிறது. பதினாறு, பதினேழு மணி நேரம். மொனேரோவில் 60 பிளாக், இரண்டு மணி நேரம். வாலட்டைப் பிரதியெடுத்து வேறோர் இடத்தில் பத்திரப்படுத்த அந்த அவகாசம் தாராளமாகப் போதும். நாலு கணினிகளையும் அன்றைக்கு அணைத்துவிட்டாலும் பாதகமில்லை. மேலே ஏற வேண்டிய 100 பிளாக்குகளையும் எப்படியும் வேறு யாராவதுதான் கண்டுபிடிக்கப் போகிறார்கள்.